எல்லாரும் இறங்கியாச்சு

எனக்கு எண்பத்து மூன்று வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்தேன். பெற்றது ஐந்து, ஆறாவது என் அண்ணன் இராசலிங்கத்தின் மகள், ஊரில் எல்லாரும் ஒரே வீட்டில் இருந்த காலத்தில் வளர்த்தது. ஆறு பேரும் என் கையால் சாப்பிட்டு என் கையால் அடியும் வாங்கித்தான் ஆளானார்கள். நான் படித்தது மூன்றாம் வகுப்பு. எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். ஒரு பக்கம் எழுத ஒரு காலைப்பொழுது போகும். போகட்டும், எனக்கு என்ன அவசரம்.

இது ஒரு மனிதரைப் பற்றியது. எழுபதுகளில் மெல்பேர்ணில் எங்கள் ஆட்கள் மிகக் கொஞ்சம். நாங்கள் வில்லியம்ஸ்டவுனில் இருந்தோம். என் மனுசன் ஃபுட்ஸ்கிரேயில் ஒரு தொழிற்சாலையில் மெசின் திருத்துகிற வேலை. அந்த மனிதர் இரண்டு மூன்று ஸ்டேசன் தள்ளி நியூபோட்டில், என்ஜினியர் மகனோடு இருந்தார். பெண்சாதி ஊரிலேயே செத்துப் போனா. எப்போதும் இஸ்திரி போட்ட வெள்ளைச் சேட்டு, பையில் ஒரு நீலப் பேனை, ஒரு சிவப்புப் பேனை. சிவப்பு யாருடைய பிழையைத் திருத்த என்று என் மனுசன் ஒருமுறை கேட்டார். "மற்ற ஆக்களின்ர" என்றார். அதை அவர் பகிடியாகச் சொல்லவில்லை.

இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில் அவர் திருகோணமலைத் துறைமுகத்தில், வெள்ளைக்காரனின் போர்க்கப்பல் திருத்துகிற இடத்தில் டைம்கீப்பர். அந்த வேலையை நான் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் மற்றது விளங்காது. ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஒரு நம்பர், அந்த நம்பர் வெட்டிய ஒரு பித்தளை வில்லை. கப்பலில் ஏறும்போது ஏணியடியில் இருக்கிற பலகையின் கொளுக்கியில் வில்லையை மாட்டிவிட்டு ஏற வேண்டும். இறங்கும்போது எடுத்துக்கொண்டு போக வேண்டும். பலகையில் வில்லை தொங்கினால் ஆள் கப்பலில். பலகை வெறுமையானால் எல்லாரும் இறங்கியாச்சு. பலகைக்குப் பக்கத்தில் புத்தகத்தோடு நின்றவர் இவர்.

அந்தப் பழக்கம் அவரை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஃபுட்ஸ்கிரேயில் ஸ்கவுட் பிள்ளைகளின் மண்டபம் ஒன்றை, ஹோல் என்போம், வாடகைக்கு எடுத்து, மடக்கு மேசையில் முருகன் படத்தை வைத்துப் பூசை செய்வோம். அப்போது இங்கே கோயில் இல்லை. அவர் வாசலில் நின்று ஆட்களை எண்ணுவார். உள்ளே போகையில் ஒரு எண்ணிக்கை, வெளியே வருகையில் ஒரு எண்ணிக்கை. ஒருநாள் பூட்டுகிற நேரம் கதவை மறித்துக்கொண்டு நின்றார்.

"உள்ளுக்க போனது முப்பத்தொண்டு. வெளியில வந்தது முப்பது. ஆரோ நிக்கினம்."

"அண்ணை, பசிக்குது, விடுங்கோவன்" என்றார்கள் எல்லாரும்.

"முப்பத்தொண்டு" என்றார் அவர்.

தேடிப் பார்த்தால் என் கடைக்குட்டி மேடைத் திரைக்குப் பின்னால் நித்திரை. அன்றைக்கு நான் அந்த மனிதரைக் கையெடுத்துக் கும்பிட்டேன். இதை எழுதும்போது அந்தக் கையைப் பார்த்து எனக்கு எரிகிறது.

பூசை முடிந்து சாப்பிட்ட பிறகு அவருடைய நேரம். எல்லாம் நாசகாரிக் கப்பல் கதைதான். பெரிய போர்க்கப்பல்களை அவர் மதிப்பதில்லை. அவருக்கு டிஸ்ரோயர் என்கிற இந்த நாசகாரிதான் கப்பல். எனக்குக் கப்பலைப் பற்றித் தெரிந்தது எல்லாம் அவர் வாயால் கேட்டதுதான். ஒருநாள் குசினி மேசையில் கிடந்த, வெள்ளரிக்காய் மாதிரி நீண்ட சுக்கினிக்காய் ஒன்றை எடுத்தார். வெண்டிக்காய் கிடைக்காத காலத்தில் நாங்கள் அதைத்தான் குழம்பு வைத்தோம்.

"இதைப் பாருங்கோ தங்கச்சி. இதுதான் டிஸ்ரோயர். முந்நூற்றிருபது அடி நீளம், முப்பத்து மூண்டு அடி அகலம். ஏன் இவ்வளவு ஒல்லி?"

"சாப்பாடு காணாதாக்கும்" என்றார் என் மனுசன்.

"ஓடுறதுக்கு. மணிக்கு நாப்பது மைல் ஓடும். கவசம் எண்டு ஒண்டும் கிடையாது. தகடு உங்கட தோசைக்கல்லை விடக் கொஞ்சம் மொத்தம், அவ்வளவுதான். ஓடித் தப்ப வேணும், இல்லாட்டி ஓடிப்போய் அடிக்க வேணும்."

சாமான் கப்பல்களுக்குக் காவலாக வட கடலில் போனதும், நீர்மூழ்கிகளைத் துரத்தித் துரத்திக் குண்டு போட்டதும், கடற்கரையில் அகப்பட்ட பட்டாளத்தை வரிசை வரிசையாக ஏற்றிக்கொண்டு வந்ததும் இந்த ஒல்லிக் கப்பல்கள்தான் என்பார். சண்டை நீள நீள மேலே துவக்கும் குண்டும் கூட்டிக்கொண்டே போனார்களாம். எண்ணெய் எரிந்து அடிப்பக்கம் பாரம் குறைந்தால் கப்பல் தலைப்பாரமாகிப் புரளப் பார்க்குமாம். அப்போது வெறும் எண்ணெய்த் தொட்டிக்குள் கடல் தண்ணீரை விட வேண்டுமாம். எண்ணெய் பழுதாகும் என்று சில கப்டன்மார் விட மாட்டார்களாம். இதை என் கிளாசை மேசையில் தள்ளித் தள்ளிக் காட்டினார். கிளாஸ் விழுந்து உடைந்தது.

"அப்ப ஆகாயத்தில இருந்து வந்தால்?" என்று என் மனுசன் கேட்டார்.

"அதுதான் ஒரு குறை. பெரிய துவக்கு நாப்பது பாகைக்கு மேல நிமிராது. கப்பலோட கப்பல் அடிபடத்தான் வரைஞ்சவை. பிளேன் நேர தலைக்கு மேல வந்து குத்தினால் அந்தத் துவக்காலை ஒண்டும் செய்யேலாது. சின்னத் துவக்கு கொஞ்சம் இருந்தது. காணாது."

கறிக்கு உப்புக் குறைவு என்கிற மாதிரிச் சொன்னார். நாங்களும் தேத்தண்ணி குடித்துக்கொண்டு கேட்டோம். நிமிராத துவக்குக்குக் கீழே யார் நின்றது என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது.

அவருக்கு இன்னொரு பெருமை. தொழிலாளிகளின் நம்பர் எல்லாம் மனப்பாடம். ஹோலில் யாராவது ஒரு நம்பரைச் சொன்னால், பெயரும் ஊரும் தொழிலும் உடனே வரும்.

"இருநூற்றாறு?"

"சின்னத்தம்பி, உப்புவெளி, தச்சன்."

"ஐஞ்ஞூற்று மூண்டு?"

"அந்தோனிப்பிள்ளை, தகட்டில றிவிற் ஆணி அடிக்கிறவன். இடது கைக்காரன். என்ர புத்தகத்தில பிழை வராது, தம்பிமார்."

அப்படி ஒருநாள் பொயிலர் துப்புரவு பற்றிப் பேச்சு வந்தது. அந்த வகைக் கப்பலுக்கு மூன்று பொயிலர், ஆவி எடுக்கிற கொதிகலன். இத்தனை மணி ஓடினால் ஒன்றை அணைத்து ஆறவிட்டு உள்ளே கரி சுரண்ட வேண்டும். உள்ளே போகிற ஓட்டை ஒரு ஆள் நெளிந்து போகிற அளவுதான். அதனால் ஒல்லி ஆட்களைத்தான் அதற்கு எடுப்பார்கள் என்றார். உள்ளே போனவனுக்கு வெளியில் இடி விழுந்தாலும் கேட்காது என்றார்.

"என்ர அண்ணையும் அந்த வேலைதான் செய்தவர்" என்றேன் நான். "நானூற்றுப் பதினேழு. அவற்ற சாப்பாட்டுக் கரியரில ஆணியாலை கீறி வைச்சிருந்தவர். சொல்லுங்கோ பாப்பம், நானூற்றுப் பதினேழு ஆர்?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு தன் மணிக்கூட்டைப் பார்த்தார்.

"அப்பிடி ஒரு நம்பர் இல்லை."

"இருந்தது அண்ணை."

"இல்லை, தங்கச்சி" என்று எழும்பிப் போய்விட்டார். அன்றைக்கு வாசலில் நின்று யாரையும் எண்ணவும் இல்லை.

என் அண்ணன் கதையை இங்கே சொல்ல வேண்டும். ஒருநாள் காலையில் வேலைக்குப் போனவர் பின்னேரம் வரவில்லை. அவருடைய மகளுக்கு அப்போது நாலு மாதம். அடுத்தடுத்த நாட்களில் ஜப்பான்காரன் குண்டு போட்டான், ஊரே காட்டுக்குள் ஓடியது. எல்லாம் அடங்கின பிறகு அம்மாவும் அண்ணியும் துறைமுகத்தில் போய்க் கேட்டார்கள். புத்தகத்தைப் பார்த்துச் சொன்ன பதில்: "நானூற்றுப் பதினேழு, சொல்லாமல் விலகினவர்." குண்டுக்குப் பயந்து ஓடினவர்கள் நிறையப் பேர். அவர்களோடு அண்ணனும் ஒரு வரி. ஓடினவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். அண்ணன் வரவில்லை. இந்தியாவில் இன்னொருத்தியோடு இருக்கிறார் என்றான் ஒருவன். சென்னையில் கண்டேன் என்று இன்னொருவன் சத்தியம் செய்தான். அண்ணி ஓடினவன் பெண்சாதி ஆனா. மகளுக்குப் பேசி வந்த சம்பந்தமெல்லாம் தகப்பன் எங்கே என்ற கேள்வியோடு திரும்பிப் போனது. என் கல்யாணத்தில் அண்ணன் நிற்க வேண்டிய இடத்தில் சித்தப்பா நின்றார். தாலி ஏறுகிற நேரம் நான் மனதுக்குள் அண்ணனைச் சபித்தேன். அதை இதுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை.

இரண்டு ஞாயிறு அந்த மனிதர் ஹோலுக்கு வரவில்லை. மூன்றாம் கிழமை சனிக்கிழமை காலையில் நான் ரயில் ஏறி நியூபோட்டுக்குப் போனேன். அவர் கராஜுக்குள் பிஸ்கட் பேணியை வெட்டி ஒரு சின்னக் கப்பல் செய்துகொண்டிருந்தார்.

"மகன் வீட்டில இல்லைத் தங்கச்சி."

"உங்களைத்தான் பாக்க வந்தனான். நானூற்றுப் பதினேழு."

"ஓடினவங்கள் கனபேர். எல்லாம் ஞாபகம் நிக்குமே?"

"மற்ற நம்பர் எல்லாம் நிக்குது. ஓடினவன்ர நம்பர் மட்டும் ஏன் இல்லாமல் போனது?"

அவர் கத்திரியைக் கீழே வைத்தார். கதிரையில் இருந்தார். என்னை இருக்கச் சொல்லவில்லை. நான் நின்றுகொண்டேதான் கேட்டேன்.

"ஜப்பான்காரன் வாறான் எண்டு செய்தி. துறைமுகத்தில நிண்ட கப்பல் எல்லாம் உடன வெளிக்கிட வேணும் எண்டு ஓடர். அந்தக் கப்பலில ஒரு பொயிலர் ஆறிக் கிடக்குது. மற்ற ரெண்டிலயும் போறம் எண்டிட்டாங்கள். நான் விசில் ஊதினன். எல்லாரும் விழுந்தடிச்சு இறங்கினாங்கள். துரை மேல நிண்டு கேட்டான். எல்லாரும் இறங்கியாச்சு எண்டு சொன்னன்."

"பிறகு?"

"பிறகு பலகையைப் பாத்தன். ஒரு வில்லை தொங்கினது."

"கப்பல் போயிட்டுதோ?"

அவர் கீழே கிடந்த பேணித் தகட்டுத் துண்டுகளைப் பொறுக்கி அடுக்கினார்.

"நான் கேக்கிறன். அப்ப கப்பல் போயிட்டுதோ?"

"ஏணி எடுத்திட்டாங்கள். கயிறு கழட்டேல்லை."

"கத்தியிருக்கலாம்."

"கத்தியிருக்கலாம்" என்றார். "இறங்கியாச்சு எண்டு சொன்ன வாயால எப்பிடிச் சொல்லுறது? அந்த அவசரத்தில எண்ணத் தெரியாதவன் எண்டு என்னைத் தூக்கி எறிஞ்சிருப்பான். ரெண்டு நாளில கப்பல் திரும்பி வரும், ஆளும் இறங்கி வருவான், சும்மா கடலைப் பாத்திட்டு வரட்டும் எண்டு நினைச்சன். வில்லையை எடுத்துப் பொக்கற்றில போட்டன்."

கப்பல் திரும்பி வரவில்லை. ஜப்பான்காரர் ஆகாயத்திலிருந்து அடித்துக் கடலில் தாட்டார்கள். இவர் அன்றைக்கு மேசையில் இருந்து சொன்னாரே, அந்த நிமிராத துவக்கு, அதைத்தான் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். தப்பினவர்கள் வேறு துறைமுகத்துக்குப் போனார்களாம்.

"அவங்களிட்ட விசாரிச்சீங்களோ?"

"இல்லை."

"ஏன்?"

"விசாரிச்சால், நீ ஏன் விசாரிக்கிறாய் எண்டு கேப்பாங்கள்."

  அந்த இடத்தில் எனக்கு ஒன்றுதான் தோன்றியது.

"இதை எழுதித் தாங்கோ. அண்ணிக்கு அனுப்ப வேணும்."

"வாயால சொல்லுறன். ஊருக்குப் போனால் நேர போய்க் கையைப் பிடிச்சுச் சொல்லுறன். எழுதமாட்டன்."

"ஏன் எழுத மாட்டியள்?"

"எழுத்து நிக்கும், தங்கச்சி."

"நீங்கள் எழுதினது நிண்டதாலதான் அவர் முப்பது வருசமா ஓடினவர். வாயால சொல்லி எழுத்தை அழிக்கேலுமோ? எனக்கு எழுத வராது. வந்தாலும் நான் எழுதினால் ஆர் நம்புவினம், தங்கச்சிக்காரி தமையனைக் காப்பாத்துறாள் எண்டுதான் சொல்லுவினம். உங்கட எழுத்தாலை போன மானம் உங்கட எழுத்தாலை வர வேணும்."

"என்ர பிள்ளையள் இருக்கினம். அவைக்கு இங்க ஒரு மரியாதை இருக்கு."

"என்ர அண்ணைக்கும் ஒரு பிள்ளை இருக்கு" என்று சொல்லிவிட்டு வந்தேன். அன்றைக்குப் பிறகு அந்த மனிதரை நான் அண்ணை என்று கூப்பிட்டதில்லை.

என் மனுசன் விடச் சொன்னார். வயது போன மனிதர், அந்நிய தேசம், பத்துப் பதினைந்து குடும்பம், அதற்குள் பகை வேண்டாம் என்றார். நான் அவருக்குச் சோறு போட்டேன், பதில் போடவில்லை.

அடுத்த ஞாயிறு அவர் ஹோலுக்கு வந்தார். நான் பேசாமல் இருப்பேன் என்று நினைத்திருப்பார். சாப்பாடு முடிந்தது, புதிதாக வந்த ஒரு டொக்டர் தம்பிக்கு நாசகாரியின் என்ஜின் பற்றிச் சொல்லத் தொடங்கினார். நான் பாயாசச் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு முன்னால் போனேன்.

"கப்பல் எவ்வளவு கெதியா வெளிக்கிடும் எண்டு சொல்லுறியள். உள்ளுக்க ஆள் நிக்க வெளிக்கிட்ட கதையையும் தம்பிக்குச் சொல்லுங்கோ."

 அவருடைய மகன் எழும்பி, "அன்ரி, என்ன இது?" என்றான். அவன் என்னை அதட்டவில்லை, உண்மையாகவே கேட்டான். அவனுக்கு ஒன்றும் தெரியாது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"அப்பாவைக் கேள், தம்பி. நான் சொன்னால் அது ஒரு பொம்பிளையின்ர கதை. அவர் சொன்னால் அது கணக்கு."

அந்த மனிதர் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். பெண்கள் சிலர் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஒருத்தி மட்டும் என் கையிலிருந்த சட்டியை வாங்கி வைத்தா. பாயாசத்தை ஒருவரும் தொடவில்லை. அதற்கும் எனக்குக் கோபம்தான், முந்திரிகை வத்தலைத் தேடி நான் எங்கெல்லாம் திரிந்தேன்.

நாலாம் நாள் எங்கள் கதவைத் தட்டினார். உள்ளே வரவில்லை. ஒரு கடித உறையை என் மனுசனிடம் கொடுத்துவிட்டுப் போனார். என் மனுசன் அதை இரண்டு தரம் வாசித்தார். நாள், நேரம், கப்பல் நின்ற இடம், மூன்றில் எந்தப் பொயிலர், எல்லாம் இருந்தது. கடைசியில் இப்படி இருந்தது: "நானூற்றுப் பதினேழாம் இலக்க இராசலிங்கம் கப்பலில் வேலையில் இருந்தார். அது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே அவர் விலகியதாக எழுதினேன்." ஒரு அடித்தல் இல்லை, ஒரு திருத்தல் இல்லை. அவ்வளவு வடிவாக எழுதத் தெரிந்த கை.

அண்ணியின் பதில் வர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. அந்தக் கடிதம் எனக்குச் சொல்லுச் சொல்லாய் ஞாபகம். "மச்சாள், கடிதம் கிடைத்தது. மகள் வாசித்தாள். ஊரார் பொட்டை அழிக்கச் சொல்கிறார்கள். அழிக்க மாட்டேன். இவ்வளவு காலமும் ஓடினவருக்கு வைத்தேன், இனி அவருக்கே வைக்கிறேன். ஒன்றுதான் மச்சாள். முப்பது வருசமாக அந்த மனிசனைத் திட்டித்தான் விடிய அடுப்பு மூட்டினேன். நாசமாய்ப் போ என்று திட்டினேன். போய்க் கிடந்தவரைத்தான் திட்டியிருக்கிறேன். இப்ப நான் யாரிடம் மன்னிப்புக் கேட்பது?"

அதைக் கொண்டுபோய் அந்த மனிதருக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்று போனேன். கேட்டுத் துடிக்கட்டும் என்றுதான் போனேன், பொய் சொல்லவில்லை. கடிதம் வந்தது என்றேன். அவர் எழும்பி நின்றார்.  

"என்ர கையெழுத்து அவவுக்கு விளங்கினதாமோ?" என்று கேட்டார். "திகதியில பிழை ஒண்டும் இல்லைத்தானே?"

நான் கடிதத்தை உறையை விட்டு எடுக்கவில்லை. இந்த மனிதருக்கு முன்னால் அண்ணியின் சொல்லை விரிக்க எனக்கு மனம் வரவில்லை. "இல்லை, பிழை ஒண்டும் இல்லை" என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். அதுதான் அவரோடு நான் பேசிய கடைசிப் பேச்சு. நாலைந்து வருடம் கழித்துச் செத்துப் போனார்.

முப்பத்தோராம் நாள் நினைவு மலர் அடித்து எல்லாருக்கும் கொடுத்தார்கள். நல்ல தாள், முன்பக்கத்தில் கப்பல் படம். கடமையில் ஒரு பிழையும் விடாத பெரியார் என்று எழுதியிருந்தது. மகனுக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் அச்சடித்தான். தகப்பன் எழுதினதை மகனும் எழுதினான். அன்றைக்கே நான் பேனையைத் தூக்கினேன். என் மனுசன், செத்தவரை விடப்பா என்றார். விட்டேன். இப்போது என் மனுசனும் இல்லை, அண்ணியும் இல்லை. விடச் சொல்ல ஒருவரும் இல்லை.

அவருக்கு நல்ல குணமும் இருந்தது. என் கடைக்குட்டியைத் தேடித் தந்தார். கேட்டபோது உண்மையைச் சொன்னார், பொய் சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருக்க முடியும். இதையெல்லாம் எழுதிப் பார்த்தேன், கோபம் குறையுமா என்று. குறையவில்லை. பயத்தில் ஒரு நிமிடம் வாய் அடைத்துப் போனதை நான் மன்னிப்பேன். பிறகு ஆற அமர இருந்து, நீலப் பேனையைத் திறந்து, ஒரு வரி எழுதினாரே, அதை மன்னிக்க மாட்டேன்.

அவருடைய பெயரை நான் எங்கேயும் எழுதவில்லை. பாவம் பார்த்து அல்ல. இருக்க வேண்டிய இடத்தில் பெயர் இல்லாமல் போனால் ஒரு மனிதன் என்ன ஆவான் என்பதை அவரிடம்தான் படித்தேன்.

என் பேரப்பிள்ளை, இங்கே வா. சனிக்கிழமைப் பள்ளிக்கூடத்தில் நீ படித்த தமிழ் இதற்குக் காணும். எழுத்துப் பிழை இருந்தால் நீயே திருத்து, மற்றதில் கை வைக்காதே. முதலில் இருந்து அவசரப்படாமல் ஆறுதலாக வாசி. இராசலிங்கம் என்று வரும் இடத்தில் மட்டும் கொஞ்சம் உரத்து வாசி.